இரண்டின் 67ஆம் அடுக்கு, ஒன்று குறைய

147573952589676412927.

இந்த எண்ணை வாய்விட்டுப் படிக்க நம்மிடம் வசதியான சொல் கிடையாது. ஏறக்குறைய 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி என்று சொல்லிப் பார்க்கலாம்; சொன்னாலும் மனத்தில் எதுவும் தங்காது. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று வைத்துக்கொண்டே போய் அரசனை ஓட்டாண்டியாக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அப்படி எட்டுப் பலகைகளை முழுக்க நிரப்பி, மேலே ஏழே ஏழு நெல்லைப் போட்டால் இந்த எண் வந்துவிடும். கணிதக்காரர்கள் இதைச் சுருக்கமாக 2⁶⁷−1 என்று எழுதுகிறார்கள். இரண்டின் 67ஆம் அடுக்கு, ஒன்று குறைய.

பொதுவாசகர்களுக்கான கணித நூல்களைப் புரட்டும் பழக்கமுள்ளவர்கள் இந்த எண்ணை ஒரு கதையோடு சேர்த்தே அறிந்திருப்பார்கள். 1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற 42 வயதுப் பேராசிரியரின் முறை வருகிறது. 'பெரிய எண்களைக் காரணிப்படுத்துதல் பற்றி' என்பது அவர் தந்திருந்த தலைப்பு. அதிகம் பேசாத மனிதர். எழுந்து கரும்பலகைக்குப் போகிறார். ஒரு வார்த்தையும் சொல்லாமல் இரண்டின் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு எழுதுகிறார். அதிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார். பிறகு பலகையின் காலியான பக்கத்துக்கு நகர்ந்து 193707721 என்ற எண்ணையும் 761838257287 என்ற எண்ணையும் எழுதி, நாம் பள்ளியில் செய்ததுபோலவே வரிவரியாகப் பெருக்குகிறார். இரண்டு விடையும் ஒன்றே. சாக்பீஸை வைத்துவிட்டு வந்து உட்காருகிறார். அரங்கம் கைதட்டுகிறது. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. பிற்பாடு, இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு 'மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்' என்றாராம்.

நல்ல கதை. சும்மா சொல்லக் கூடாது, ரொம்ப நல்ல கதை. எனக்கு இதன்மேல் சந்தேகம் வந்ததற்கு முதல் காரணமே அதுதான். ஆனால் கதையை விசாரிப்பதற்கு முன்னால் அந்த எண் கரும்பலகைவரை எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். அது 260 வருடப் பயணம்.

*

மரென் மெர்சென் பாரிஸில் வாழ்ந்த ஒரு துறவி. மினிம் சபையைச் சேர்ந்தவர். பெரிய கணித மேதை என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஐரோப்பிய அறிவுலகத்துக்கு ஒரு தபால் நிலையம் வேண்டியிருந்தது, அது அவருடைய அறையாக இருந்தது. ஃபெர்மா அவருக்கு எழுதுவார், தெக்கார்த் அவருக்கு எழுதுவார். ஒருவர் கண்டதை இன்னொருவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, சேர்த்துவிட்டுச் சண்டை மூட்டுவது இரண்டையும் அவர் சளைக்காமல் செய்தார்.

அவர் காலத்தில் இந்த வகை எண்களின்மேல் ஆசை பிறக்கக் காரணம் வேறொரு வகை எண்கள். 6ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3. கூட்டினால் 6. 28ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14. கூட்டினால் 28. தன் வகுத்திகளின் கூட்டுத்தொகையாகத் தானே அமைந்துவிடும் இத்தகைய எண்ணை நிறை எண் என்போம். அடுத்தவை 496, 8128. இவற்றுக்கு யூக்ளிட் ஒரு செய்முறை தந்தார்: இரண்டின் அடுக்கொன்றிலிருந்து ஒன்றைக் கழித்து வருவது பகா எண்ணாக இருந்தால், அதை முந்தைய இரண்டின் அடுக்கால் பெருக்கு, நிறை எண் கிடைக்கும். ஆக, நிறை எண் வேட்டை என்பது 'ஒன்று குறைய' பகா எண்களின் வேட்டையாக மாறிவிட்டது.

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் வேலைக்காகாது என்பது எளிதில் தெரிந்துவிடும். அடுக்கு பகா எண்ணாக இருந்தால்? 2, 3, 5, 7 எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன: 3, 7, 31, 127. பதினொன்றில் இடறுகிறது. 2047 என்பது 23ஐ 89ஆல் பெருக்கியது. 23ஆம் அடுக்கிலும் இடறல்: 47 அதை வகுக்கும். 37இல் 223 வகுக்கும். இதை 1640இல் கண்டவர் ஃபெர்மா. அவர் கண்ட வழிதான் முக்கியம். இப்படிப்பட்ட எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது அடுக்கின் மடங்காக இருந்தே தீர வேண்டும். 223இலிருந்து ஒன்று கழிக்க 222; அது 37இன் ஆறு மடங்கு. கண்டபடி தேட வேண்டாம், இந்தத் தெருவில் மட்டும் தேடு என்று முகவரி கொடுத்த மாதிரி.

1644இல் மெர்சென் ஒரு நூலின் முன்னுரையில் ஒரு பட்டியலை வெளியிட்டார். 257வரை பார்த்தால் பகா எண் தரும் அடுக்குகள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவையே என்றார். நிரூபணம் கிடையாது, கணக்கு கிடையாது. 127ஆம் அடுக்கு தருவது 39 இலக்க எண். 257ஆம் அடுக்கு தருவது 78 இலக்கம். 15, 20 இலக்கமுள்ள எண் பகா எண்தானா என்று பார்க்கக் காலம் முழுவதும் போதாது என்ற பொருளில் அதே மனிதர் எழுதியும் இருக்கிறார். அப்படியானால் 78 இலக்க எண்ணைப் பற்றி எந்தத் தைரியத்தில் சொன்னார்? ஊகத்தைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். பட்டியலில் ஐந்து தவறுகள். 67உம் 257உம் இருக்கக் கூடாதவை. 61, 89, 107 விடுபட்டவை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: பட்டியல் சரியாக இருந்திருந்தாலோ, சந்தேகமில்லாமல் அபத்தமாக இருந்திருந்தாலோ அவர் பெயர் இந்த எண்களுக்கு நின்றிருக்காது. சரிபார்க்க முடியாத அளவுக்குப் பெரிதாகவும், நம்பக்கூடிய அளவுக்கு நெருக்கமாகவும் இருந்தது. அடுத்த முந்நூறு வருடம் அதைத் திருத்துவதிலேயே பலருடைய ஆயுள் போயிற்று.

31 சரி என்று 1772இல் ஆய்லர் காட்டினார். 2147483647 என்ற பத்து இலக்க எண். ஃபெர்மாவின் முகவரியோடு தன் முகவரி ஒன்றையும் சேர்த்து, 248இன் மடங்கோடு ஒன்றையோ 63ஐயோ கூட்டினால் வரும் பகா எண்களை மட்டும் 46339வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்று சுருக்கினார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது.

இங்கிருந்து 67க்குப் போக வழியில்லை. வகுத்துப் பார்த்தல் என்ற வழி அங்கே மூச்சு வாங்கி நின்றுவிட்டது. வேறொரு வழியை எதுவார் லூகா கண்டார்.

*

லூகாவின் யோசனை விசித்திரமானது. ஒரு எண் பகா எண்ணா என்று தெரிந்துகொள்ள அதன் காரணிகளைத் தேடவே வேண்டாம் என்கிறது. இன்று நாம் அறிந்திருக்கும் எளிய வடிவம் 1930இல் லேமர் செம்மைப்படுத்தியது. நான்கில் தொடங்கு. வர்க்கம் எடுத்து இரண்டைக் கழி. விசாரணையில் இருக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். மறுபடி வர்க்கம், மறுபடி இரண்டைக் கழி, மறுபடி மீதி. அடுக்கு எத்தனையோ அதில் இரண்டு குறைத்து அத்தனை தடவை செய். முடிவில் பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண்.

31ஐப் பாருங்கள். அடுக்கு 5, ஆக மூன்று தடவை. 4இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196, இரண்டு போக 194, 31ஆல் வகுக்க மீதி 8. 8இன் வர்க்கம் 64, இரண்டு போக 62, மீதி பூச்சியம். 127க்கு 4, 14, 67, 42, 111, கடைசியில் பூச்சியம். 2047க்கு ஒன்பது தடவை செய்தால் 1736இல் வந்து நிற்கும். பூச்சியமில்லை. ஆகவே 2047 பகு எண். 23ஐப் பற்றியோ 89ஐப் பற்றியோ இந்தக் கணக்குக்கு எதுவுமே தெரியாது!

1876இல் லூகா இரண்டு முடிவுகளை வெளியிட்டார். 2¹²⁷−1 பகா எண். 2⁶⁷−1 பகா எண் அல்ல. முதலாவது 39 இலக்கம். அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு அதைவிடப் பெரிய பகா எண்ணை யாரும் கண்டுபிடிக்கவில்லை. (ஹனாய் கோபுரம் என்ற விளையாட்டை உண்டாக்கியவரும் இவர்தான். 1891இல் ஒரு விருந்தில் பணியாள் கைதவறிப் போட்ட தட்டின் சில்லு கன்னத்தைக் கீறி, புண் சீழ்கொண்டு 49 வயதில் இறந்துபோனார். கணித வரலாற்றில் இவ்வளவு அற்பமான சாவு வேறு எனக்கு நினைவில்லை.)

ஆக, மெர்சென் 67 விஷயத்தில் தவறு என்பது 1876இலேயே தெரிந்துவிட்டது. கரும்பலகைக் கதையைச் சொல்பவர்கள் பாதிப் பேர் இதை விழுங்கிவிடுகிறார்கள். இரண்டரை நூற்றாண்டு நம்பிக்கையைக் கோல் ஒரே பெருக்கலில் உடைத்தார் என்கிறார்கள். உடைத்தவர் லூகா.

அப்படியானால் கோலுக்கு என்ன வேலை மிச்சமிருந்தது? இந்தக் கேள்வியில்தான் எனக்கு உண்மையான ஆர்வம்.

லூகா சொன்ன இரண்டு முடிவுகளும் ஒரே முறையில் வந்தவை. ஆனால் அவற்றின் எடை ஒன்றல்ல. 127க்கான கணக்கின் கடைசியில் பூச்சியம் வந்தது. 39 இலக்க மீதிகளோடு மல்லுக்கட்டி, நடுவில் எங்கோ ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதியிருந்தால் கடைசியில் தற்செயலாகப் பூச்சியம் வந்து விழுவதற்கு வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். பூச்சியம் தனக்குத் தானே சாட்சி. 67 அப்படியல்ல. அங்கே வந்தது பூச்சியமல்லாத ஏதோ ஒரு மீதி. 65 தடவை 21 இலக்க எண்களின் வர்க்கத்தைக் கண்டு, 41 இலக்கம்வரை நீளும் விடையை வகுத்து வந்த மீதி. எண் பகு எண்ணாக இருந்தாலும் பூச்சியம் வராது. லூகா பதினேழாவது தடவையில் 6ஐ 8 என்று எழுதியிருந்தாலும் பூச்சியம் வராது. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரே வழி, முழுக் கணக்கையும் மறுபடி செய்வது. செய்தவரும் தவறலாம்.

1883இல் விஷயம் இன்னும் குழம்பியது. ருஷ்யாவில் உரால் பகுதியில் ஊழியம் செய்த பெர்வூஷின் என்ற பாதிரியார் 2⁶¹−1 பகா எண் என்று காட்டினார். மெர்சென் பட்டியலில் 61 இல்லை. உடனே ஒரு சமாதானம் கிளம்பியது: அச்சுப்பிழை ஐயா, 61 என்று அவர் எழுதியதை அச்சுக்கோப்பவர் 67 ஆக்கிவிட்டார். பெரியவர்கள் தப்பு செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. பின்னால் 89உம் 107உம் பட்டியலில் விடுபட்டிருப்பது தெரிந்தபோது (இரண்டையும் கண்டவர் ரயில்வே கம்பெனியில் வேலை பார்த்த பவர்ஸ் என்ற அமெரிக்கர், 1911இலும் 1914இலும்) அச்சுக்கோப்பவர்மேல் பழிபோட வழியில்லாமல் போயிற்று.

67இன் நிலைமை இப்படி இருந்தது. பகு எண் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். காரணியைக் கண்ணால் பார்த்தவர் இல்லை.

*

கோல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். லைப்சிக் போய் ஃபிலிக்ஸ் க்ளைனிடம் படித்தவர், குலக் கோட்பாட்டில் வேலை செய்தவர். 1896 முதல் 1920வரை கணிதக் கழகத்தின் செயலாளராக இருந்தவரும் அவர்தான். கூட்டம் கூட்டுவது, கடிதம் எழுதுவது, இதழைப் பார்த்துக்கொள்வது. பிறர் கணிதம் செய்வதற்காகத் தன் வார நாட்களைக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கென்று மிஞ்சியிருந்தது என்பதை நம்ப எனக்குத் தடையில்லை.

ஆனால் அந்த ஞாயிறுகளில் என்ன செய்தார்? சும்மா வகுத்துக்கொண்டிருந்தாரா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஃபெர்மாவின் முகவரிப்படி காரணி ஒவ்வொன்றும் 134இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாக இருக்க வேண்டும். சின்னக் காரணியான 193707721இலிருந்து ஒன்றைக் கழித்து 134ஆல் வகுத்தால் 1445580. மீதியில்லை; முகவரி சரிதான். ஆய்லர் முகவரி பாதியைக் கழித்துவிடும். மிச்சமிருப்பதில் பகா எண்களை மட்டும் எடுத்தாலும் சுமார் 80,000 எண்களால் வகுத்துப் பார்த்த பிறகுதான் இந்தக் காரணி அகப்படும். மூன்று வருடத்துக்கு 156 ஞாயிறு. ஞாயிறொன்றுக்கு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட வகுத்தல்கள், ஒவ்வொன்றும் 21 இலக்க எண்ணை எட்டு, ஒன்பது இலக்க எண்ணால் வகுப்பது. ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் ஒரு ஞாயிற்றுக்கு 43 மணி நேரம் வேண்டும். அந்த எண்கள் பகா எண்கள்தானா என்று பார்ப்பதற்கான நேரத்தை நான் சேர்க்கவே இல்லை.

ஆகவே அவர் அப்படிச் செய்யவில்லை. அவர் கழகத்தின் இதழில் அச்சிட்ட நாலு பக்கக் கட்டுரையில் வழி இருக்கிறது. இருபடி எச்சங்கள். முழு வர்க்கம் ஒன்றை நம் பெரிய எண்ணால் வகுக்கும்போது மீதி ஒரு சின்ன எண்ணாக வந்தால், அந்தச் சின்ன எண் ஒரு சல்லடை. பெரிய எண்ணின் காரணியாக வரத் தகுதியுள்ள பகா எண்களில் ஏறக்குறையப் பாதியை அது தள்ளிவிடும். இன்னொரு சின்ன மீதி கிடைத்தால் மிச்சத்தில் பாதி போகும். இன்னொன்று, இன்னொன்று. பத்துச் சல்லடை இருந்தால் ஆயிரத்தில் ஒன்றுதான் தங்கும். நெல்லைத் தூற்றுகிற வேலைதான், பதர் பறக்க வேண்டுமே தவிர ஒவ்வொரு மணியாக எடுத்துக் கடித்துப் பார்ப்பதில்லை. கோலின் சாமர்த்தியம் முழுக்க இந்தச் சல்லடைகளைப் பின்னுவதில் இருந்தது. கதையில் அந்தச் சாமர்த்தியத்துக்கு இடமே இல்லை. மௌனமும் உழைப்பும்தான் இருக்கின்றன.

இப்போது கதைக்கு வருவோம். அதைச் சொன்னவர் யார்? எரிக் டெம்பிள் பெல். கணித வரலாற்றைச் சுவையாக எழுதி ஒரு தலைமுறையையே கணிதத்தின் பக்கம் இழுத்தவர். 1951இல் வெளிவந்த நூலில் இந்தக் காட்சியை எழுதினார். நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து 48 வருடம் கழித்து. 1903இல் பெல்லுக்கு வயது 20. அப்போது அவர் நியூயார்க்கில் இல்லை, கண்டத்தின் மறுகோடியில் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டில் மாணவர். 1904இல்தான் அங்கே பட்டம் வாங்கினார். கொலம்பியாவுக்கு வந்து கோலிடம் படித்து முனைவர் பட்டம் பெற்றது 1912இல். 'மூன்று வருடத்து ஞாயிறுகள்' என்ற வாசகத்தைக் கோல் வாயாலேயே 1911இல் கேட்டதாக அவர் எழுதியிருப்பதை மறுக்க முகாந்திரமில்லை. அரங்கத்தின் மௌனமும் கைதட்டலும் அவர் பார்த்தவை அல்ல.

பெல் கதை கட்டுவதில் கைதேர்ந்தவர் என்பது ரகசியமில்லை. மரணத்துக்கு முந்தைய இரவில் கால்வா தன் கணிதம் முழுவதையும் எழுதி வைத்ததாக அவர் வரைந்த சித்திரம் எவ்வளவு மிகை என்பதை 1982இல் டோனி ராத்மன் ஆவணங்களை வைத்துக் காட்டினார். தன் சொந்த இளமையைப் பற்றியே பெல் மனைவி மக்களிடம்கூட உண்மையைச் சொன்னதில்லை என்பதை அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கான்ஸ்டன்ஸ் ரீட் 1993இல் வெளிக்கொண்டுவந்தார். கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்துக்கொள்ளலாமே என்றால், அந்நாளைய குறிப்புகள் யார் என்ன தலைப்பில் படித்தார் என்பதோடு நின்றுவிடும் வறண்ட சரக்கு. கைதட்டலுக்கு அதில் இடமில்லை. போதாக்குறைக்கு, அந்தக் குறிப்புகளை எழுத வேண்டிய செயலாளரே கோல்!

அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன் சார் கதையக் கெடுக்குறீங்க? முப்பது வருசம் இதை வகுப்புல சொல்லியிருக்கேன். ஒரு கணக்கு வாத்தியாருக்காகக் கைதட்டுற கூட்டம் உலகத்துல ஒரு தடவையாவது இருந்துச்சுன்னு பசங்க நம்பட்டுமே."

"கைதட்டினாங்களா இல்லையாங்கறது எனக்குப் பெரிசில்ல சார். பேசவே இல்லைன்னு சொல்றதுதான் இடிக்குது. அவர் பேசறதுக்கு நாலு பக்கம் விஷயம் இருந்துச்சு."

"அதை யாரு வகுப்புல சொல்றது? பெருக்கலைத்தானே சொல்ல முடியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் அந்தப் பெருக்கலை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஒன்பது இலக்கத்தால் 12 இலக்கத்தைப் பெருக்குவது என்றால் மலைப்பாக இருக்கிறதல்லவா? பெருக்கும் எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: 1, 9, 3, 7, 0, 7, 7, 2, 1. ஏழு மூன்று தடவை வருகிறது, ஒன்று இரண்டு தடவை, நடுவில் ஒரு பூச்சியம். ஆக, புதிதாகப் பெருக்க வேண்டியது இரண்டால், மூன்றால், ஏழால், ஒன்பதால், நாலே வரிகள். ஏழாம் வரியான 5332867801009ஐ மூன்று இடங்களில் நகர்த்தி நகர்த்தி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மற்றபடி கூட்டல். எனக்கு இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. பழைய கணக்குப்பிள்ளைகள் செய்வதுபோல ஒன்பதைத் தள்ளிச் சரிபார்த்தேன்: முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டக் கூட்ட 37, 10, 1. இரண்டாம் எண்ணுக்கு 64, 10, 1. விடைக்கு 109, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று.

பெல் சொன்ன கதையில் சந்தேகப்பட முடியாத பகுதி இந்தத் தாள்தான். கோல் பேசினாரோ இல்லையோ, அந்த இரண்டு எண்களையும் எழுதிய பிறகு அவரை யாரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. மெர்சென் சொன்னதை நம்ப வேண்டியிருந்தது. லூகா சொன்னதையும் நம்ப வேண்டியிருந்தது. கோல் சொன்னதைப் பெருக்கத் தெரிந்த ஒரு பத்து வயதுப் பையன் சரிபார்க்கலாம்.

*

காரணிகள் தெரிந்தபின் இந்த எண்ணைப் பல பெட்டிகளில் போடலாம். இரண்டே பகா எண்களின் பெருக்கம் என்பதால் அரைப் பகா எண். அதற்கு வகுத்திகள் மொத்தம் நாலு: ஒன்று, அந்த இரண்டு காரணிகள், அது தானே. தன்னை விட்டு மற்றவற்றைக் கூட்டினால் 762031965009. எண்ணோ அதைப்போல் 19 கோடி மடங்குக்கு மேல். நிறை எண்ணைப் பெற்றுத்தரும் என்று 232 வருடம் ஆசைகாட்டிய ஒன்று இவ்வளவு மோசமான குறை எண்ணாக முடிந்தது வேடிக்கைதான்.

இன்னொரு பெட்டியும் உண்டு, அது கொஞ்சம் விஷமமானது. ஒரு எண் பகா எண்ணா என்று சட்டென்று பார்க்க ஃபெர்மா வழியில் ஒரு சோதனை செய்வார்கள்: அந்த எண்ணில் ஒன்று குறைத்து, இரண்டை அத்தனையாம் அடுக்குக்கு உயர்த்தி, எண்ணாலேயே வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும். பகா எண் எதுவானாலும், இரண்டைத் தவிர, இதில் தேறும். 2⁶⁷−1உம் தேறிவிடும்! 67 பகா எண்ணாக இருப்பதாலேயே தேறிவிடும். போலிப் பகா எண் என்று இவற்றுக்குப் பெயர். மெர்சென்னுக்கு ஏமாற ஒரு நியாயம் இருந்தது என்று இதைக் கொண்டு வாதாடலாம். ஆனால் அவர் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தார் என்பதற்கு அடையாளம் எதுவுமில்லை.

வகுத்திகளே இல்லாத வறுமைக்கு எதிர்க்கோடியில் வேறொரு பட்டியல் உண்டு. அதைப் போட்டவர் நம் கும்பகோணத்துக்காரர். 1915இல் ராமானுஜன் வெளியிட்ட நீண்ட கட்டுரை, தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. 12க்கு ஆறு, 24க்கு எட்டு, 60க்குப் பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போய் அவர் பட்டியல் 6746328388800இல் முடிகிறது. 13 இலக்க எண், வகுத்திகள் 10080. அதைவிடக் கோடிக்கும் அதிகமான மடங்கு பெரிய மெர்சென் எண்ணுக்கு நாலு. அந்தப் பட்டியலிலும் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293318625600. தமாஷ் என்னவென்றால், பட்டியலின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் கிடைப்பது அதுவேதான். ராமானுஜனுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது, எழுதும்போது கை தாவியிருக்கும் என்று சொல்ல எனக்கும் வாய் வருகிறது. அச்சுக்கோப்பவர்மேல் பழிபோட்டவர்களை நான் அதிகமாகக் கிண்டல் செய்திருக்கக் கூடாதோ என்னவோ.

மெர்சென் பட்டியலை முழுக்கச் சரிபார்த்து முடிக்க 1947 ஆயிற்று, 303 வருடம். 1920இல் கோல் செயலாளர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றபோது நண்பர்கள் திரட்டித் தந்த பணத்தை அவர் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். இயற்கணிதத்துக்கும் எண் கோட்பாட்டுக்கும் இன்று வழங்கப்படும் கோல் பரிசு அதிலிருந்து வந்தது. 1926இல் காலமானார். அவருடைய 21 இலக்க எண்ணை இன்றைக்குக் கைப்பேசி கண் சிமிட்டும் நேரத்தில் காரணிப்படுத்திவிடும்.

ஆனால் லூகா விட்டுப்போன நிலைமை தீர்ந்துவிடவில்லை. 1277உம் 1279உம் அடுத்தடுத்த பகா எண்கள். 2¹²⁷⁹−1 பகா எண் என்று 1952இல் ராபின்சன் ஒரு கணினியைக் கொண்டு கண்டறிந்தார். பக்கத்து வீட்டுக்காரரான 2¹²⁷⁷−1 பகா எண் அல்ல. லூகா சோதனையில் அதற்குப் பூச்சியம் வரவில்லை. 385 இலக்கம். அதன் காரணிகளில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.